திருச்சி டூ டல்லாஸ், துணைக்கு ஆள் உண்டு

வாங்கடா வாங்க, பட்டதாரிகளே. ரெண்டு பேரும் ஒரே வண்டியில வந்து இறங்கறப்பவே நினைச்சேன், ஒண்ணு எவனுக்கோ கல்யாணம், இல்லைன்னா எவனுக்கோ டிக்கெட் கேன்சல். அந்த நாற்காலி வேணாம் அப்சலு, அதுல ஒரு கால் ஆடும், அது கஸ்டமருக்குன்னே வச்சிருக்கோம். நவநீ, நீ இப்படி வா, ஏசிக்கு நேரா உக்காரு. உனக்கு இன்னைக்கு ஏசி தேவைப்படும். ஏன்னு போகப் போகச் சொல்றேன். பாய் தொழுகைக்குப் போயிருக்காரு, அவர் வர்ற வரைக்கும் இந்த டிராவல்ஸ் கடைக்கு நான்தான் முதலாளி. டீ சொல்லவா? சொல்லிட்டேன்.

அட, பத்திரிகை. பளபளன்னு அடிச்சிருக்கீங்க. படிச்சு முடிச்சு இத்தனை வருஷம் வேலை தேடினதுல ஒரு பத்திரிகையாவது உருப்படியா அடிக்கக் கத்துக்கிட்டீங்க, சந்தோஷம். என்னது, பேராசிரியர் முனைவர் கோதண்டபாணி அவர்களின் பணி நிறைவுப் பாராட்டு விழா. மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்டுக்கே தலை, நமக்குத் தலைவலி. போட்டோவுல கூட அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரியே பார்க்கிறாரு பாரு. வரவேற்புரை அப்சல். சரி. மிமிக்ரி, முன்னாள் மாணவர் ஜெயசீலன். டேய், என்னைக் கேட்காமலே அடிச்சிட்டீங்களா? அதுவும் முன்னாள் மாணவர். மூணாவது வருஷத்தோட வெளிய போனவன்டா நான், முக்கால் மாணவர்னு போட்டிருக்கணும்.

சரி, உன் பிளான் என்னன்னு அப்சல் போன்லயே சொல்லிட்டான் நவநீ. நான் மேடையில ஏறி அந்தாளு மாதிரி சட்டைக் கையை இழுத்து விட்டுக்கிட்டு, "அப்படித்தானே?"ன்னு பேசணும். கூட்டம் சிரிக்கணும். சிரிப்பு அடங்கறதுக்குள்ள நீ மைக்கைப் பிடுங்கி, எல்லார் முன்னாலயும் கேட்கப் போறே. எங்கம்மாவுக்குத் துணையா டல்லாஸ் வரைக்கும் வர்றேன்னு போனீங்களே, நடு வழியில ஒரு ஏர்போர்ட்டுல உக்கார வச்சு பிளைட்டை விட்டீங்களே, எங்கக்கா தனியாப் பிள்ளை பெத்தாளே, அதுக்கு என்ன சார் பதில்னு. பொண்டாட்டி, புள்ளை, பிரின்சிபால் எல்லாரும் முன் வரிசையில இருக்கிறப்போ.

அருமையான பிளான். என் அளவுக்கு அந்தாளு மேல கோபம் இருக்கிறவன் இந்தத் திருச்சி ஜில்லாவுலயே கிடையாது. ஆனா நான் வரலை. ஏன்னு கேளு. நடுவுல குறுக்கிடாதே, கடைசி வரைக்கும் கேளு. டீயைக் குடி.

முதல்ல என் கதை. உங்களுக்குத் தெரிஞ்சதுதான், இருந்தாலும் நான் சொல்லி நீங்க கேட்டதில்லை. டிபார்ட்மென்ட் விழாவுல மேடையில ஏறி அந்தாளு மாதிரி பேசினேன்ல, ஞாபகம் இருக்கா? தெர்மோடைனமிக்ஸ் கிளாஸ் எடுத்தேன். "வெப்பம் உள்ள போகும், வேலை வெளிய வரும், இவன் கிட்ட மட்டும் எதுவுமே வராது, அப்படித்தானே?"ன்னு. ஹாலே இடிஞ்சுது. அந்தாளும் சிரிச்சாரு. நான் பார்த்தேன், கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. மனசுக்குள்ள குறிச்சு வச்சுக்கிட்டாருன்னு அப்போ எனக்குத் தெரியலை.

அடுத்த மாசம் ஹால் டிக்கெட். எனக்கு அட்டெண்டன்ஸ் பத்தலை. உனக்கும்தான் பத்தலை நவநீ, ரெண்டு பேரும் ஒரே கேன்டீன்லதானே குடியிருந்தோம். கேன்டீன்ல அட்டெண்டன்ஸ் எடுத்திருந்தா கோல்டு மெடலே நமக்குத்தான். உனக்குக் கையெழுத்துப் போட்டாரு. எனக்குப் போடலை. உங்கப்பா வந்து ரெண்டு நிமிஷம் பேசினாரு, முடிஞ்சுது. எங்கம்மா வந்து காலையில இருந்து அவர் ரூம் வாசல்ல நின்னுச்சு. நின்னுச்சுடா. பெஞ்ச் இருந்துச்சு, உக்காரலை. மதியம் வெளிய வந்தாரு. என்ன சொன்னாரு தெரியுமா? "உங்க பையனுக்கு வாய் இருக்கும்மா. அதை வச்சே பிழைச்சுக்குவான். படிப்பெல்லாம் அவனுக்கு எதுக்கு, அப்படித்தானே?" எங்கம்மா என்ன சொல்லணும்? நல்லாக் கேட்டிருக்கணும்ல? "ஆமாங்க சார்"னு சொல்லிட்டு வந்துச்சு.

அந்த "ஆமாங்க சார்" இருக்கே, அது இன்னும் என் காதுல ஓடுது. நீங்கள்லாம் நினைக்கறீங்க, இவன் எதையும் சீரியஸா எடுத்துக்க மாட்டான்னு. இதை எடுத்துக்கிட்டேன்.

நான் கிளாசுக்குப் போகாததுக்கு அந்தாளு என்ன பண்ணுவாருன்னு கேட்கறியா அப்சலு? கேளு. எல்லாரும் அதைத்தான் கேட்கறாங்க. டீயைக் குடிடா.

சரி, இந்தக் கடைக்கு வந்தேன். வாயை வச்சுத்தான் பிழைச்சேன். அந்தாளு சொன்னது பலிச்சதேன்னு நினைச்சாலே எனக்கு எரியும். எங்க தொழில்ல துணைன்னு ஒண்ணு இருக்கு, உங்களுக்குத் தெரியும். அமெரிக்காவுல பொண்ணுக்குப் பிரசவம், அம்மா தனியாப் போகணும், பக்கத்து டவுனுக்குக் கூடத் தனியாப் போனதில்லை. அதே பிளைட்டுல நம்ம ஆளு யாராவது போறாங்களான்னு கேட்டு வருவாங்க. நான் சேர்த்து விடுவேன். ஜாதகப் பொருத்தம் மாதிரி. எந்த ஊர்ல இறங்கணும், சைவமா அசைவமா, சுகர் உண்டா, குறட்டை உண்டா. நான் சேர்த்து வச்ச ரெண்டு குடும்பம் நடுவானத்துல பேசிப் பேசிச் சம்பந்தியே ஆயிருச்சு. அந்தக் கல்யாணத்துல எனக்கு முதல் பந்தி.

ஒரு நாள் கதவைத் தள்ளிக்கிட்டு யார் வர்றது? கோதண்டபாணி. கையில கோயிலுக்குப் போயிட்டு வந்த பூப்பொட்டலம். சரி, நம்மளைப் பார்த்ததும் முகம் மாறும், ஒரு வார்த்தை கேட்பாரு, நாமளும் நறுக்குன்னு ஒண்ணு கொடுக்கலாம்னு மனசுக்குள்ள ஏழு வசனம் ரெடி பண்ணிட்டேன். அந்தாளு என்னைப் பார்த்துட்டு, "தம்பி பேரென்ன?"ங்கறாரு.

"ஜெயசீலன் சார்."

"எந்த ஊரு?"

அவ்வளவுதான். என் வாழ்க்கையைக் கிழிச்சுக் குப்பையில போட்டவருக்கு என் பேரு ஞாபகம் இல்லை. திட்டியிருந்தாக் கூட விட்டிருப்பேன்டா. எந்த ஊருன்னு கேட்டாரு பாரு, அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

அவருக்கு டல்லாஸ் போகணும். ஒரே பையன், அங்கே டாக்டர் பட்டம் வாங்குறான், கறுப்பு அங்கி போட்டுக்கிட்டு மேடையில ஏறுவான், அப்பா பார்க்கணும். நான் பார்த்துட்டு, நடுவுல வளைகுடாவுல ஒரு ஊர்ல இறங்கி மாறணும், மொத்தம் இருபத்தேழு மணி நேரம் சார்னேன். மனுஷன் ஒத்துக்கலை. இதோ இந்த உருண்டை, பாய் அழகுக்கு வச்சிருக்கிற உலக உருண்டை, இதைப் பக்கத்துல இழுத்தாரு. பூப்பொட்டலத்துல இருந்த நூலைப் பிரிச்சாரு. ஒரு முனையைத் திருச்சியில வச்சு, கட்டை விரலால அமுக்கி, இன்னொரு முனையை டல்லாஸுக்கு இழுத்தாரு. நூலு எங்கே போகுது தெரியுமா? வட துருவத்தை உரசிக்கிட்டுப் போகுது.

"பதினஞ்சாயிரம் கிலோமீட்டர். விமானம் மணிக்குத் தொள்ளாயிரம் போகும். பதினேழு மணி நேரம். மிச்சப் பத்து மணி நேரம் நீ எங்கே கொண்டு போறே?"

"சார், வட துருவத்துல பஸ் ஸ்டாண்டு இல்லை சார்"னேன்.

சிரிக்கலை. அன்னைக்கு ஹால்ல கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுச் சிரிச்சவரு, இன்னைக்கு உதட்டைக் கூட அசைக்கலை. நூலைத் திரும்பத் திரும்ப வச்சு அளந்தாரு. அப்போதான் எனக்குப் புரிஞ்சுது. இந்த ஆளு கணக்குப் போடலை. பயப்படறாரு. கணக்குப் போட்டாப் பயம் குறையும்னு போடறாரு. ஜன்மத்துல பிளைட் ஏறினதில்லை. சட்டைக் கையை இழுத்து விட்டுக்கிட்டு மெதுவாக் கேட்டாரு, "அந்த நடுவுல மாறுற இடத்துல, எல்லாரும் சரியா மாறிடறாங்க, அப்படித்தானே?"

எனக்குப் பாயசம் குடிச்ச மாதிரி இருந்துச்சு.

துணை வேணும்னு வாய் திறந்து கேட்க மாட்டாரு. எச்.ஓ.டி. இல்லையா. கடைசியில எப்படிக் கேட்டாரு தெரியுமா? "வயசானவங்க யாராவது தனியாப் போறதா இருந்தாச் சொல்லு. நான் பார்த்துக்கறேன்." பார்த்துக்கறாராம். யாரு யாரைப் பார்த்துக்கறது.

நவநீ, அதே வாரம்தான் நீ வந்தே. சுகந்தி அக்காவுக்கு மாசம் நெருங்குது, மாப்பிள்ளை வீட்டுல யாரும் போக முடியலை, உங்கம்மா தனியாப் போகணும், டல்லாஸ், யாராவது நல்ல துணையாப் பாருடான்னு. தேதி பொருந்துது. ஊரு பொருந்துது. ரெண்டு பேரும் சைவம். இதைவிட என்ன பொருத்தம் வேணும்?

அப்படிப் பார்க்காதே. கடைசி வரைக்கும் கேட்கறேன்னு நீதான் ஒத்துக்கிட்டே.

சார்கிட்டப் போன் பண்ணிச் சொன்னேன். "சார், கூட வர்றவங்க விசாலாட்சி அம்மா. நாலு தடவை அமெரிக்கா போய் வந்தவங்க. ஆனா வெளிய காட்டிக்க மாட்டாங்க, அடக்கமானவங்க. அதைப் பத்திக் கேட்டாக் கூச்சப்படுவாங்க. நீங்க எதுவும் கேட்காதீங்க. அவங்க எழுந்திரிச்சா நீங்க எழுந்திரிங்க, அவங்க உக்காந்தா உக்காருங்க. அவ்வளவுதான் சார் அமெரிக்கா."

உங்கம்மாகிட்ட நேர்லயே வந்து சொன்னேன். நீயும் அடுக்களையில இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தே. "அம்மா, சார் கான்பரன்ஸ் கான்பரன்ஸா உலகம் சுத்தறவரு. பெரிய மனுஷன், கேள்வி கேட்டாக் கோவிச்சுக்குவாரு. நீங்க எதுவும் பேச வேணாம். அவர் எழுந்திரிச்சா எழுந்திரிங்க, உக்காந்தா உக்காருங்க." உங்கம்மா எனக்குக் கையில ஒரு லட்டு கொடுத்து, "சீலா, நீ இருக்கறதால எனக்குக் கவலையே இல்லடா"ன்னுச்சு. லட்டு நல்லா இருந்துச்சு.

இரு. உக்காரு நவநீ. அப்சலு, அவனைப் பிடிச்சு உக்கார வை. அடிக்கறதா இருந்தா முழுசாக் கேட்டுட்டு அடி, பாதிக் கதைக்கு அடி வாங்க நான் தயாரில்லை.

இது ஒரு விளையாட்டு. சத்தியமா அப்படித்தான் நினைச்சேன். அந்தாளு முழிக்கணும். அவ்வளவுதான். கிளாஸ்ல எல்லாரையும் முழிக்க வச்சவரு, ஒரு தடவை கண்ணாடிக் கதவுக்கு முன்னாடி எந்தப் பக்கம் தள்ளறதுன்னு தெரியாம முழிக்கணும். உங்கம்மாவை நான் கணக்குலயே சேர்க்கலை. இப்போ யோசிச்சாத்தான் தெரியுது, என் கணக்குல உங்கம்மா ஒரு சீட்டு நம்பரு.

ஏர்போர்ட்டுக்கு வழியனுப்ப நாம ரெண்டு பேரும் போனோம்ல. உள்ளே போற கதவுகிட்ட ரெண்டு பேரும் நின்னாங்க. அவர் கையைக் காட்டி "நீங்க போங்க"ங்கறாரு. உங்கம்மா முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு "நீங்க போங்க சார்"ங்குது. பின்னாடி ஒரு குடும்பம் தள்ளுவண்டியோட நிக்குது. ஒரு காவலர் வந்து ரெண்டு பேரையும் சேர்த்துத் தள்ளாத குறை. நீ என்ன சொன்னே தெரியுமா? "எவ்வளவு மரியாதையான மனுஷன் பாருடா"ன்னே. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டுச் சிரிச்ச சிரிப்புல வயிறு வலிச்சுது. உங்கம்மா திரும்பிப் பார்த்துக் கையாட்டுச்சு. மடியில பிரசவ லேகியம் டப்பாவை அணைச்சுப் பிடிச்சிருந்துச்சு.

இதுக்கு அப்புறம் நடந்ததை உங்கம்மா வாயால பாதி கேட்டேன், அந்தாளு வாயால பாதி கேட்டேன். நடுவுல எனக்கு ஒரு போன் வந்துச்சு, அதைக் கடைசியில சொல்றேன்.

முதல் பிளைட்டுல பிரச்சனை இல்லை. சாப்பாடு வந்தப்போ அவர் பிரிச்ச மாதிரி உங்கம்மா பிரிச்சுச்சு, உங்கம்மா பிரிச்ச மாதிரி அவர் பிரிச்சாரு. ரெண்டு பேரும் வெண்ணெயைத் தயிர்னு நினைச்சுச் சோத்துல பிசைஞ்சாங்க. ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, ஓ, இப்படித்தான் போலன்னு சாப்பிட்டாங்க. சிரிச்சிடாதே அப்சலு, நவநீ பார்க்கறான்.

நடு ஏர்போர்ட்டுல இறங்கினாங்க. கூட்டம் போன பக்கமே போய், போர்டிங் சீட்டுல போட்டிருந்த கேட் நம்பரைக் கண்டுபிடிச்சு உக்காந்துட்டாங்க. அது வரைக்கும் சரி. அடுத்த பிளைட் ரெண்டு மணிக்கு மேல. சாருக்குக் கையில வாட்சு இருக்கு. ரெண்டு மணி ஆனதும் மனுஷன் பதறி எழுந்துட்டாரு. "அம்மா, நேரமாச்சு"ன்னாரு. உங்கம்மாவுக்கு எதுவும் புரியலை. ஆனா நான்தானே சொல்லி அனுப்பினேன், எதுவும் பேசாதீங்கன்னு. அது பேசாம லேகியத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. இவர் சுத்தி முத்திப் பார்த்தாரு. சுவத்துல இருந்த கடிகாரத்துல பதினொண்ணரை. மனுஷன் வாட்சை மாத்தவே இல்லைடா. திருச்சி டயத்துலயே ஓடிக்கிட்டு இருக்கு. உருண்டையில நூல் போட்டு வட துருவம் வரைக்கும் அளந்த ஆளு, ஊருக்கு ஊரு மணி மாறும்கறதை மறந்துட்டாரு.

அங்கதான் விழுந்துச்சு அடி. அவமானமாப் போச்சு அவருக்கு. இந்தம்மா அசையவே இல்லையே, நாலு தடவை போய் வந்த அனுபவம்னா இதுதான்னு நினைச்சுக்கிட்டாரு. இனிமே இந்தம்மா எழுந்திரிக்காம நான் எழுந்திரிக்கறதில்லைன்னு சபதமே எடுத்துட்டாரு போல. உங்கம்மா என்ன நினைச்சுதாம்? பெரியவர் காலை நீட்டிக்க எழுந்தாரு, திரும்ப உக்காந்துட்டாரு, அப்போ இன்னும் நேரம் இருக்குன்னு.

அந்த ஏர்போர்ட்டுல மைக்ல கூப்பிட மாட்டாங்க. கேட்டை மாத்திட்டா டிவிப் பெட்டியில மட்டும்தான் போடுவாங்க. மாத்திட்டாங்க. சுத்தி இருந்த கூட்டம் மெதுவா எழுந்து போச்சு. வேற ஊருக்குப் போற கூட்டம் வந்து உக்காந்துச்சு. இந்த ரெண்டு பேரும் நடுவுல, போட்டோவுக்கு உக்காந்த மாதிரி. அவர் எழுந்திரிப்பாருன்னு இது. இது எழுந்திரிக்கும்னு அவரு.

பிளைட் போயிருச்சு.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும் நவநீ. போயிருச்சுன்னு யாரோ வந்து சொன்னதும் உங்கம்மா அப்படியே சரிஞ்சு விழுந்துச்சு. பிரஷர். ஆஸ்பத்திரியில போட்டாங்க. இதுக்கு மேல பதினாறு மணி நேரம் பறக்கறதெல்லாம் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அக்காவுக்கு ஆளில்லாம, பக்கத்து வீட்டு ஸ்பானிஷ்காரப் பொம்பளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போச்சு. குழந்தை நல்லாத்தான் இருக்கு. ஆனா அக்கா இன்னைக்கு வரைக்கும் உங்கம்மாகிட்டப் போன்ல "நீதான் வரலையே"ன்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லாம வைக்கறதில்லைன்னு சொன்னே. உங்கம்மா அதுக்கப்புறம் ஏர்போர்ட் பக்கமே போகலை. பேத்தியைத் தொட்டதில்லை. லேகியத்தை நீதான் தின்னு தீர்த்தேன்னு அப்சல் சொன்னான். அன்னைக்கு அதுக்குச் சிரிச்சோம்.

சாருக்கு மறுநாள் பிளைட்டுல இடம் இருந்துச்சு. அவர் ஒருத்தருக்கு. போயிருந்தா மேடையில பையனைப் பார்த்திருக்கலாம். போகலை. ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்திருந்துட்டு, உங்கம்மாவைக் கூட்டிக்கிட்டுத் திருச்சிக்கே திரும்பிட்டாரு. அதை நீ எப்பவும் சொல்றதில்லை நவநீ. நானும்தான் சொல்றதில்லை.

அப்போ என்ன ஆச்சு? நான் ஜெயிச்சுட்டேன். எங்கம்மாவை வாசல்ல நிக்க வச்சவரை நான் இன்னொரு நாட்டு வராண்டாவுல உக்கார வச்சுட்டேன். என் பட்டத்தைப் பிடுங்கினாரு, அவர் பையன் பட்டம் வாங்கறதை நான் பார்க்க விடலை. இதைவிடப் பொருத்தமா எவனாலயும் பழி வாங்க முடியாது. ஆனா ஒண்ணு, ரெண்டு பேரும் ஆற அமரப் பேசியிருப்பாங்கல்ல. நீங்க நாலு தடவை போனவங்களாமே, நீங்க கான்பரன்ஸுக்குப் போனவராமேன்னு. என் குட்டு உடைஞ்சிருக்கும். பாய் என்னைத் தோலை உரிப்பாரு, நீ எலும்பை எண்ணுவேன்னு நான் ஒரு வாரம் காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக் கிடந்தேன். யாரும் வரலை. நீ வந்தே, வந்து சாரைத் திட்டினே. "அத்தனை தடவை போன மனுஷனுக்கு ஒரு கேட்டைப் பார்க்கத் தெரியாதா"ன்னு. நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். உன்னைவிட நல்லாத் திட்டினேன்.

அப்புறம் ஒரு நாள் அந்தாளே வந்தாரு. நேரா வந்து அந்தக் கால் ஆடுற நாற்காலியில உக்காந்தாரு. நான் சொல்லலை. ஆடிச்சு, பிடிச்சுக்கிட்டாரு. உருண்டையைப் பார்த்தாரு. பூ நூலு அதுலயே கிடந்துச்சு, நான் எடுக்கலை.

"பதினஞ்சாயிரத்துல நான் கால்வாசி கூடப் போகலை"ன்னாரு.

வாட்சுல ஏமாந்தது, உக்காந்தே இருந்தது, எல்லாத்தையும் வரிசையாச் சொன்னாரு. ஏழு வசனம் வச்சிருந்தேன்ல, ஒண்ணையும் எடுக்காமக் கம்ப்யூட்டரைத் தட்டிக்கிட்டு இருந்தேன்.

"ஆஸ்பத்திரியில அந்தம்மா என்னைக் கேட்டாங்க. நீங்க பல தடவை போனவர்னு சீலன் சொன்னானேன்னு. ஆமாம்மா, போயிருக்கேன், கவனப் பிசகு, தப்பு என்னோடதுதான்னு சொல்லிட்டேன். நீ மாத்திச் சொல்லாதே. அவங்க உன் மேல ரொம்பப் பாசமா இருக்காங்க."

எழுந்து கதவு வரைக்கும் போயிட்டாரு. திரும்பி, "மூணாவது வருஷம், கடைசி பெஞ்சு. உங்கம்மா சௌக்கியமா?"ன்னாரு.

பாரு. இதைத்தான் என்னால தாங்க முடியலை. ஞாபகம் இருந்திருக்கு அந்தாளுக்கு. எப்ப வந்துச்சோ, முதல் நாளே இருந்துச்சோ, தெரியலை. என்னை அடிச்சிருக்கலாம், பாய்கிட்டச் சொல்லியிருக்கலாம், உன்கிட்டச் சொல்லியிருக்கலாம். அப்போ கணக்கு முடிஞ்சிருக்கும். நான் வாங்கின பழியை நிம்மதியா வச்சுக்கிட்டு நானும் தூங்கியிருப்பேன். அதையும் என் கையில இருந்து பிடுங்கிக்கிட்டுப் போயிட்டாரு. ஹால் டிக்கெட்டைப் பிடுங்கின மாதிரியே. இப்போ ஊரே அந்தாளைத் திட்டுது, அந்தாளு வாயைத் திறக்க மாட்டேங்கறாரு, எனக்குத் திட்டக் கூட ருசி இல்லை. அந்தாளை எனக்கு இன்னும் பிடிக்காது. செத்தாலும் பிடிக்காது. இதுக்காகவே பிடிக்காது.

அதனாலதான் மிமிக்ரி வேணாம்கறேன். என்னால இப்போ அந்தக் குரல் வரமாட்டேங்குது. கடைசியா அந்தக் குரல்ல பேசினது ஒரு போன்ல.

ஆமா, அந்தப் போன். சொல்றேன்னு சொன்னேன்ல.

அவங்க கிளம்பின அன்னைக்கு, மதியம் முடிஞ்சு வாழைக்காய் பஜ்ஜி வாங்கிட்டு வந்து உக்காந்திருந்தோம். கடையில டைப்பிங் பொண்ணு கௌசல்யா, டெலிவரி பண்ற பையன் எல்லாரும் இருந்தாங்க. போன் அடிச்சுது, கோதண்டபாணி சார். ரோமிங் போட்டுக் கொடுத்ததே நான்தான், அதனால என் நம்பர்தான் அவருக்குத் தெரியும். நான் ஸ்பீக்கர்ல போட்டேன். எல்லாரும் கேட்கட்டும்னு.

குரலை இறக்கிப் பேசறாரு, பக்கத்துல உங்கம்மாவுக்குக் கேட்கக் கூடாதுன்னு. "தம்பி, இங்கே பலகையில வேற ஊர் பேரு போட்டிருக்கான். கூட இருந்தவங்க எல்லாம் போயிட்ட மாதிரி இருக்கு. இந்தம்மா அசையாம உக்காந்திருக்காங்க. நான் எழுந்து போய் யாரையாவது கேட்கட்டுமா? இல்லை, அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், உக்காந்தே இருக்கலாம், அப்படித்தானே?"

என் முன்னாடி கம்ப்யூட்டர் திறந்திருக்கு. அந்த பிளைட்டைப் போட்டுப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன், அன்னைக்கு எனக்கு அதுதானே சினிமா. கேட் மாறினது திரையில இருக்கு. புது நம்பர் இருக்கு. கதவு மூட இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. நடந்தே போயிருக்கலாம்.

கௌசல்யா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கிட்டா. நான் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கிட்டு, அந்தாளு குரல்லயே, "அப்படித்தான் சார், உக்காருங்க"ன்னேன்.

உங்கம்மாவை அங்கே உக்கார வச்சது அவர் இல்லை நவநீ. நான்.